எந்தப் பக்கம் எழுதினால் மார்க் வரும்?

ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்குப் படிக்க வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே என்னிடம் கேட்டுவிடுவார்கள். "மிஸ், கட்டுரையில எந்தப் பக்கம் எழுதினா மார்க் வரும்? ஆதரிச்சு எழுதுறதா, எதிர்த்து எழுதுறதா?" ஏற்கெனவே ஒரு தடவை எழுதிப் பார்த்தவர்கள் பதிலையும் கையோடு கொண்டுவருவார்கள். "ரெண்டு பக்கமும் சரிசமமா எழுதிட்டா சேஃப்தானே மிஸ்?"

இரண்டு பேருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். பக்கத்துக்கு மார்க் கிடையாது. ஒரு பக்கத்தில் நின்றுகொண்டு, அடுத்த பக்கத்தில் நிற்பவனையும் மதித்துப் பேசத் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். நடுவில் போய் நின்றுகொண்டால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள்.

கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வுபெற்ற பிறகு, திருச்சி தில்லைநகரில் ஒரு கடைக்கு மேலே இருக்கும் மாடி அறையில் மாலை வகுப்பு எடுக்கிறேன். செவிலியர்கள், பொறியியல் படித்துவிட்டு மேல்படிப்புக்குப் போகிறவர்கள், கணவரோடு கனடாவுக்குக் கிளம்பும் பெண்கள் என்று எல்லாரும் வருகிறார்கள். பேச்சில் தேறிவிடுவார்கள், கேட்பதிலும் தேறிவிடுவார்கள். எழுத்தில் அரை பேண்ட் குறைந்து திரும்பி வருவார்கள். அந்த அரை பேண்ட் பெரும்பாலும் இந்தக் கட்டுரையில்தான் போகிறது. ஆகவேதான் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத நினைத்தேன்.

தேர்வைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1989 முதல் நடக்கும் தேர்வு இது. பிரிட்டிஷ் கவுன்சில், ஐடிபி, கேம்பிரிட்ஜ் ஆகிய மூன்றும் சேர்ந்து நடத்துகின்றன. கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 9 வரை பேண்ட் உண்டு. எழுதுவதற்கு ஒரு மணி நேரம், அதில் இரண்டு டாஸ்க். முதலாவது 150 சொற்களில் ஒரு வரைபடத்தை விவரிப்பது. குடியேறப் போகிறவர்கள் எழுதும் ஜெனரல் பிரிவில் அதற்குப் பதில் ஒரு கடிதம். இரண்டாவதுதான் கட்டுரை. 250 சொற்களுக்குக் குறையக் கூடாது, 40 நிமிடம் ஒதுக்கச் சொல்கிறார்கள், முதல் டாஸ்க்கைப்போல் இரு மடங்கு மதிப்பு. பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்துகொள்ள என்எம்சி என்ற அமைப்பு முன்பு நான்கு பகுதிகளிலும் 7 கேட்டது. 2018 டிசம்பரில் எழுத்துக்கு மட்டும் 6.5 போதும் என்று இறக்கியது. மற்ற மூன்றையும் அப்படியே வைத்துவிட்டு இதை மட்டும் இறக்கினார்கள் என்பதிலேயே எழுத்து எவ்வளவு பேரைத் தடுக்கிறது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

திருத்துகிறவர் நான்கு விஷயங்களைப் பார்க்கிறார், நான்குக்கும் சம எடை. கேட்டதற்குப் பதில் வந்திருக்கிறதா, கருத்துகள் கோவையாகப் போகின்றனவா, சொல்வளம் எப்படி, இலக்கணம் எப்படி. எங்கள் பிள்ளைகள் பின்னிரண்டுக்காக ராப்பகலாக உழைக்கிறார்கள். 'ப்ளெதோரா' போன்ற சொற்களை மனப்பாடம் செய்கிறார்கள். முதல் விஷயத்தைக் கண்டுகொள்வதே இல்லை. திருத்துகிறவர்கள் பயன்படுத்தும் பேண்ட் விளக்கம் பொதுவெளியிலேயே கிடைக்கிறது. அதில் 6-க்கும் 7-க்கும் நடுவே உள்ள வித்தியாசத்தை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்க்கச் சொல்கிறேன். 6-இல் நிலைப்பாடு உண்டு, ஆனால் முடிவுக்கு வரும்போது மங்கிப்போகலாம் அல்லது சொன்னதையே திரும்பச் சொல்லலாம். 7-இல் அந்த நிலைப்பாடு தெளிவாக இருக்கிறது, வளர்ந்தும் வருகிறது. நம் பிள்ளைகளின் கட்டுரைகள் மங்கும் இடம் சொல்லிவைத்ததுபோல் கடைசிப் பத்திதான்.

ஏன் அப்படி? பள்ளிக்கூடத்தில் நாம் அப்படித்தான் பழக்கியிருக்கிறோம். 'அறிவியல் வரமா, சாபமா' என்று தலைப்புக் கொடுப்போம். முன்னுரை, நன்மைகள், தீமைகள், முடிவுரை. நன்மைக்கு ஐந்து வரி, தீமைக்கு ஐந்து வரி. முடிவுரையில் 'எல்லாம் நாம் பயன்படுத்தும் விதத்தில்தான் இருக்கிறது' என்று எழுதினால் ஆசிரியர் ஒரு டிக் போடுவார். நானும் அந்த முடிவுரையை எழுதித்தான் வளர்ந்தேன், என் தலைமுறையில் எழுதாதவர்கள் இருக்க மாட்டார்கள். அதில் யாருடைய கருத்தும் இல்லை. படித்து முடித்த பிறகு, எழுதிய பிள்ளை அறிவியலைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

இதற்கு நேர் எதிரான பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தொலைக்காட்சியில் பட்டிமன்றம் பார்க்காத வீடு குறைவு. அணியில் பேச வருகிறவர் தன் கட்சியை ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுக்க மாட்டார். எதிரணி சொன்னதைக் கிண்டல் செய்வார், கைதட்டல் வாங்குவார். மேடைக்கு அது சரி. ஆனால் கல்லூரியில் பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கிய பையன்கள் அதே வேகத்தைத் தாளிலும் இறக்கிவிடுகிறார்கள். 'எல்லாப் பெற்றோரும்', 'ஒருபோதும்', 'சந்தேகமே இல்லாமல்' என்று வரிக்கு வரி முழங்குகிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது: தம்பி, நீ அணியில் உட்காராதே, நடுவர் நாற்காலியில் உட்கார். இரண்டு அணியும் சொன்னதைக் கேட்டு, ஒவ்வொன்றிலும் எது நிற்கிறது என்று எடுத்து வைத்து, கடைசியில் ஒரு பக்கம் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் அவர். தீர்ப்புச் சொல்லாமல் எழுந்து போகிற நடுவரை எந்த ஊரும் ஏற்காது.

இதை நேரில் பார்த்தால்தான் விளங்கும். என்னிடம் படித்த ஒரு செவிலியரின் கட்டுரையை எடுத்துக்கொள்கிறேன். தனியார் மருத்துவமனை ஒன்றில் டயாலிசிஸ் பிரிவில் வேலை. நைட் டியூட்டி முடித்து, பகலில் கொஞ்சம் தூங்கி, மாலை வகுப்புக்கு வருவார். நான் கொடுத்த கேள்வி இது: 'அரசு சுகாதாரத்துக்குச் செலவிடும் பணத்தில் பெரும்பங்கு நோய் வராமல் தடுப்பதற்கே போக வேண்டும், சிகிச்சைக்கு அல்ல. இதை எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள்?'

அவர் எழுதிவந்த கட்டுரையில் இலக்கணப் பிழை அதிகம் இல்லை. முதல் பத்தியில் தடுப்பு நல்லது, செலவு குறைவு. இரண்டாம் பத்தியில் சிகிச்சையும் நல்லது, உயிரைக் காக்கிறது. கடைசியில், இரண்டும் சமமாக முக்கியம், அரசு இரண்டிலும் கவனம் செலுத்த வேண்டும். கேள்வி 'எந்த அளவுக்கு' என்று கேட்டிருக்கிறது. கட்டுரையில் அளவே இல்லை.

தாளை மூடி வைத்துவிட்டு, "உங்க வார்டுக்கு யாரும்மா வர்றாங்க?" என்று கேட்டேன்.

"பாதிக்கு மேல சுகர், பிரஷர் கேஸ்தான் மிஸ். வாரத்துக்கு மூணு தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் மெஷின்ல. பஸ்ல வந்துட்டுப் பஸ்லயே போவாங்க. பத்து வருஷம் முன்னாடி சுகரைக் கட்டுப்பாட்டுல வெச்சிருந்தா இவங்கள்ல நெறைய பேரு இங்க வந்திருக்கவே மாட்டாங்க."

"அப்ப நீங்க தடுப்புப் பக்கம்தான்?"

"ஆமா மிஸ். ஆனா..." என்று கொஞ்சம் யோசித்தார். "காலையில ஆறு மணி ஷிஃப்டுக்கு ஒரு ஐயா வருவாரு. அவருகிட்டப் போயி, உங்க மெஷின் காசை எடுத்து விழிப்புணர்வு முகாம் நடத்தப் போறோம்னு யாரு சொல்றது?"

"இதைத்தாம்மா எழுதணும்" என்றேன்.

அந்த இரண்டு பதில்களில் முழுக் கட்டுரையும் இருந்தது. அவருக்கு ஒரு பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கம் எங்கே போய் நிற்க வேண்டும் என்ற எல்லையும் தெரிந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஒரு வாக்கியமாக்க அன்று மாலை வெகுநேரம் ஆனது. கடைசியில் வந்தது இது: வருங்காலத்தில் கூடுதலாக ஒதுக்கும் பணத்தில் பெரும்பங்கு தடுப்புக்குப் போக வேண்டும், ஆனால் இப்போது சிகிச்சையால் உயிர் வாழ்கிறவர்களுக்கான தொகையில் கை வைக்கக் கூடாது. பாருங்கள், இதில் பாதிக்குப் பாதி எதுவுமே இல்லை. தடுப்புக்குத்தான் ஆதரவு, பெருமளவு ஆதரவு. ஆனால் எதிர்த்தரப்பு எதற்காகப் பயப்படுகிறதோ, அந்தப் பயத்துக்கு இதில் பதில் இருக்கிறது. சமநிலையான கருத்து என்று நான் சொல்வது இந்த மாதிரி வாக்கியத்தைத்தான்.

அதன் பிறகு பத்திகள் தாமாக அமைந்தன. முதல் பத்தியில் தடுப்பு ஏன். அவர் போலியோவை எடுத்துக்கொண்டார். இந்தியாவில் கடைசி போலியோ நோயாளி கண்டறியப்பட்டது 2011 ஜனவரியில், போலியோ இல்லாத நாடு என்று சான்று கிடைத்தது 2014 மார்ச்சில். சொட்டு மருந்துக்குச் செலவழித்ததால், கால் சூம்பிய பிள்ளைகளுக்கு வாழ்நாள் முழுக்கச் செய்ய வேண்டிய சிகிச்சையே இல்லாமல் போயிற்று. வலுவான சான்று. கூடவே தன் வார்டில் பார்த்ததை இரண்டு வரியில் சேர்த்தார்.

இரண்டாம் பத்தியில்தான் அவரும் இடறினார், எல்லாரும் இடறுவார்கள். 'சிலர் சிகிச்சையும் முக்கியம் என்று சொல்கிறார்கள். சிகிச்சை இல்லாவிட்டால் மக்கள் இறந்துவிடுவார்கள். ஆனால் இது சரியல்ல.' இப்படி எழுதியிருந்தார். யார் அந்தச் சிலர்? சிகிச்சை இல்லாவிட்டால் மக்கள் இறந்துவிடுவார்கள் என்பது எப்படிச் சரியல்லாமல் போகும்? அடித்து வீழ்த்துவதற்காகவே வைக்கோல் திணித்துச் செய்த பொம்மை அது. மாற்றி எழுதியதன் சாரத்தைத் தமிழில் தருகிறேன்:

'அதே சமயம், ஏற்கெனவே நோயுற்றவர்கள் இந்த வாதத்தைக் கேட்டுக் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. சிறுநீரகம் செயலிழந்த ஒருவருக்கு டயாலிசிஸ் சில வாரங்கள் நின்றால் உயிர் தங்காது; உணவுக் கட்டுப்பாடு பற்றிய அறிவுரை இனி அவரைக் காப்பாற்றாது. ஆகவே சிகிச்சைக்கான பணத்தைக் குறைத்துத் தடுப்புக்குக் கொடுப்பது தவறு. ஆனால் கூடுதல் பணத்தைத் தடுப்புக்குத் திருப்பினால், இன்னும் பத்தாண்டுகளில் அதே மெஷினுக்குக் காத்திருப்பவர்களின் வரிசை குறைய வாய்ப்பு உண்டு.'

ஒவ்வொரு வாக்கியமும் என்ன வேலை செய்கிறது என்று கவனியுங்கள். முதல் வாக்கியம் எதிர்த்தரப்புக்கு முகம் கொடுக்கிறது. 'சிலர்' போய் 'ஏற்கெனவே நோயுற்றவர்கள்' வந்துவிட்டார்கள். இரண்டாவது அவர்களுடைய வாதத்தை அவர்களே சொல்லியிருந்தால் எவ்வளவு வலுவாகச் சொல்லியிருப்பார்களோ அவ்வளவு வலுவாகச் சொல்கிறது. மூன்றாவது வாக்கியத்தில் எழுதுகிறவர் உண்மையிலேயே ஒன்றை விட்டுக்கொடுக்கிறார், பேச்சுக்காக இல்லை. நான்காவது தன் நிலைப்பாட்டுக்கே திரும்பி வருகிறது, முன்பைவிடத் திருத்தமாக. 'குறையும்' என்று சொல்லாமல் 'குறைய வாய்ப்பு உண்டு' என்று நிறுத்திக்கொள்கிறது.

முடிவுக்கு முன்னால் ஓர் உதாரணம் வேண்டும் என்றார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை அவரே சொன்னார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. சிறுநீரகம் செயலிழந்து வீட்டிலேயே வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கான பைகளும் அதே திட்டத்தில் வருகின்றன. சிறுநீரகம் கெடாமல் காப்பதும் கெட்ட பிறகு கைவிடாமல் இருப்பதும் ஒரே வாசற்படியில். அவருடைய வாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான சான்றை நானே தேடினாலும் கொடுத்திருக்க முடியாது.

இந்தச் சான்று விஷயத்தில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. சில பயிற்சி மையங்களில் ஒரு வார்ப்பைக் கொடுத்துவிடுகிறார்கள். 'ஒரு பிரபல பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வில் 80 சதவீதம் பேர்...' என்று நிரப்பினால் போதும் என்று சொல்லி அனுப்புகிறார்கள். இல்லாத ஆய்வை இருப்பதாக எழுதக் கற்றுக்கொடுப்பது எனக்குப் பொறுக்கவே முடியாத ஒன்று. தேவையும் இல்லை. உங்கள் சொந்த அறிவிலிருந்தோ அனுபவத்திலிருந்தோ உதாரணம் கொடுங்கள் என்று கேள்வித்தாளிலேயே எழுதியிருக்கிறது. டயாலிசிஸ் வார்டில் நின்று பார்த்தவருக்குப் பொய்யான 80 சதவீதம் எதற்கு? முழுக்க மனப்பாடம் செய்து எழுதிய கட்டுரைக்கு 9-இல் பூஜ்யம்தான் என்பதும் அதே பேண்ட் விளக்கத்தில் இருக்கிறது.

இனி, மொழி. 'ஆல்தோ' என்று தொடங்கும் வாக்கியம் இந்தக் கட்டுரைகளுக்கு முதுகெலும்பு. விட்டுக்கொடுப்பது 'ஆல்தோ' உள்ள பாதியில் போக வேண்டும், தன் கருத்து மறுபாதியில் வர வேண்டும். மாறிப் போட்டால் கட்சியே மாறிவிடும். 'தடுப்பு மலிவு என்றாலும், சிகிச்சையைக் குறைக்க முடியாது' என்று எழுதியவர் சிகிச்சைப் பக்கம். 'சிகிச்சையைக் குறைக்க முடியாது என்றாலும், புதிய பணம் தடுப்புக்கே போக வேண்டும்' என்று எழுதியவர் தடுப்புப் பக்கம். விஷயம் ஏறக்குறைய ஒன்று, எடை எங்கே விழுகிறது என்பதுதான் வேறு. நான்கு பத்தியில் ஒரு பத்தியின் எடை ஒரு பக்கமும் அடுத்ததன் எடை மறுபக்கமும் விழுந்தால், திருத்துகிறவர் நிலைப்பாட்டைத் தேடிக் களைத்துப்போவார். 'ஆல்தோ' போட்ட வாக்கியத்தில் மறுபடி 'பட்' போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஆங்கிலத்தில் ஒன்றே போதும்.

அளவுச் சொற்களில் நான் கொஞ்சம் கண்டிப்பு. 'எல்லாரும்' என்று எழுதினால் ஒரே ஒரு விதிவிலக்கைக் காட்டி அந்த வாக்கியத்தை உடைத்துவிடலாம். 'பலர்' என்றால் அவ்வளவு சுலபமாக உடையாது. 'டெண்ட் டு', 'மே', 'இன் மோஸ்ட் கேசஸ்' எல்லாம் இதற்காகத்தான் இருக்கின்றன. 7 வாங்கும் கட்டுரையிலும் பொதுப்படையாகப் பேசிவிடும் போக்கு இருக்கலாம் என்று பேண்ட் விளக்கமே சொல்கிறது. 8-க்குப் போக நினைப்பவர்கள் அதைக் களைய வேண்டும். அதற்காக 'ஒருவேளை சில சமயங்களில் ஓரளவுக்கு இருக்கலாம் என்று தோன்றக்கூடும்' என்று நான்கு தயக்கத்தை ஒரே வரியில் அடுக்கினால், சொல்ல ஒன்றும் இல்லாதவர் என்றுதான் பொருள்படும். ஒரு வாக்கியத்துக்கு ஒரு தயக்கம், அதுவும் நிஜமாகவே சந்தேகம் இருக்கும் இடத்தில்.

இதெல்லாம் வெள்ளைக்காரர்களின் முறை, நமக்கு ஒட்டாது என்று சிலர் என்னிடம் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டில் எழுதிய நன்னூலின் பாயிரத்தில் எழுவகை மதம் என்று ஒரு பகுதி வருகிறது. நூல் எழுதுகிறவன் பிறர் கருத்தை எப்படியெல்லாம் எதிர்கொள்ளலாம் என்பதற்கு ஏழு வழிகள். ஒருவர் சொன்னதை ஏற்றுக்கொள்ளலாம், மறுக்கலாம். பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு கூடவே போய்ப் பிறகு களையலாம். தான் ஒன்றை நாட்டி அதைக் கடைசிவரை நிலைநிறுத்தலாம். இருவர் முரண்படும்போது ஒருவர் பக்கம் துணிந்து தீர்மானிக்கலாம். பிறர் நூலில் உள்ள குற்றத்தைக் காட்டலாம், எவரோடும் சேராமல் தன் கருத்தையே கொள்ளலாம். 'ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா' என்ற கேள்விக்கு முதலிரண்டும், 'இரு தரப்பையும் விவாதித்து உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்' என்ற கேள்விக்கு ஐந்தாவதும் அப்படியே பொருந்துகின்றன. ஏழில் ஒன்றுகூட 'இரண்டும் சமம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடு' என்று சொல்லவில்லை.

அதே நூற்றாண்டில் அருள்நந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியார் இரண்டு பாகங்களாக இருக்கிறது. முதல் பாகம் பரபக்கம், பிறர் கொள்கைகளுக்கானது. இரண்டாவது சுபக்கம், தன் கொள்கைக்கானது. பரபக்கத்தில் உலகாயதத்தில் தொடங்கி ஒவ்வொரு தரப்பையும் அந்தத் தரப்பார் சொல்வதுபோலவே முதலில் சொல்கிறார். பிறகுதான் மறுக்கிறார். தன் சமயத்தில் அவ்வளவு உறுதியான ஒருவர், தான் ஏற்காத கருத்துகளுக்கு நூலில் பாதியை ஒதுக்கியிருக்கிறார். எதிர்த்தரப்பை எழுதினால் தன் கட்சி பலவீனமாகிவிடும் என்று பயப்படும் பிள்ளைகளுக்கு நான் இந்த நூலைத்தான் காட்டுகிறேன்.

எல்லாக் கேள்விக்கும் இரு தரப்பை எழுத வேண்டுமா என்றால், கட்டாயம் இல்லை. 'எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள்' என்ற கேள்விக்கு முழுவதும் ஏற்கிறேன் என்று எழுதி, காரணங்களை நன்றாக வளர்த்தால் அதற்கும் உயர்ந்த பேண்ட் கிடைக்கும். 'இரு தரப்பையும் விவாதியுங்கள்' என்று வந்துவிட்டால்தான் வழியில்லை. ஒன்றை விட்டால் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை என்றாகிவிடும். உதாரணமாக, நகர மையத்தில் கார்களைக் கட்டுப்படுத்தலாமா என்ற கேள்வி. சிங்கப்பூர் 1975-லேயே நகர மையத்துக்குள் வரும் கார்களுக்குக் கட்டணம் வைத்தது, லண்டன் 2003-இல் 5 பவுண்டில் தொடங்கியது. இவற்றை எழுதுவது சுலபம். திருச்சி என்எஸ்பி ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு காரில் வந்து துணி எடுப்பவர்களை நம்பிப் பிழைக்கிறார். அவருடைய கவலையையும் அதே மரியாதையோடு எழுத வேண்டும். அப்படி எழுதினால் 'கட்டணம் சரி, ஆனால் பண்டிகைக் காலத்தில் நகர எல்லையிலிருந்து அடிக்கடி பேருந்து விட்ட பிறகுதான்' என்பதுபோல் ஒரு நிபந்தனை தானாக முளைக்கும்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 40 நிமிடத்தில் முதல் ஏழெட்டு நிமிடம் பேனாவைக் கட்டுரையில் வைக்கவே விடமாட்டேன். கடைசி வாக்கியத்தை முதலில் எழுதிப் பார்க்கச் சொல்வேன். தீர்ப்பு என்ன, எந்த அளவுக்கு, எந்த நிபந்தனையோடு. அது கிடைத்துவிட்டால் முன்னுரைக்கும் அதுவே போதும், வேறு சொற்களில்.

மிகவும் கஷ்டமான கேள்வி எது என்று கேட்டால், நமக்கு நெஞ்சில் சூடு இருக்கும் கேள்வி என்பேன். இந்த பேட்சில் ஒரு பெண். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, வேளாண்மையில் பட்டம் வாங்கி, மேல்படிப்புக்கு வெளிநாடு போக இருக்கிறாள். 'ஆங்கிலம் உலக மொழி என்பதால் எல்லாக் குழந்தைகளுக்கும் தொடக்கத்திலிருந்தே ஆங்கிலத்தில் பாடம் நடத்த வேண்டும்' என்பதுதான் தலைப்பு. கொதித்துப் போய் எழுதியிருந்தாள். ஆங்கில வழிக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் வீண் பெருமைக்காக அனுப்புகிறார்கள் என்பது அவள் முதல் வாதம்.

"உன் கருத்து எனக்குப் பிடிச்சிருக்கு கண்ணு, அதுல ஒரு எழுத்தையும் மாத்த வேண்டாம்" என்றேன். "ஆனா சத்திரம் பஸ் ஸ்டாண்டுல பூக்கட்டி விக்கிற அம்மா, வட்டிக்கு வாங்கிப் பொண்ணை இங்கிலீஷ் மீடியத்துல சேர்த்திருக்காங்க. அது பெருமைக்காகவா?"

அவள் பதில் சொல்லாமல் தாளை எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் கொண்டுவந்த கட்டுரையிலும் தாய்மொழிக்கே முழு ஆதரவு, சூடும் குறையவில்லை. ஆனால் பெற்றோரைப் பற்றிய பத்தி இப்படித் தொடங்கியது: ஆங்கில வழிப் பள்ளிக்குக் கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் பெற்றோர், ஆங்கிலம் தெரியாததால் தாங்கள் இழந்த வேலைகளை மனதில் வைத்தே அப்படிச் செய்கிறார்கள், அவர்களுடைய பயத்துக்குப் பதில், தமிழில் பாடம் நடத்தும் பள்ளிகளிலேயே ஆங்கிலத்தை ஒரு மொழியாக நன்றாகக் கற்றுக்கொடுப்பதுதான்.

ஆங்கிலத்தில் அந்த வாக்கியத்தில் ஓர் 'ஆர்டிகிள்' விட்டுப்போயிருந்தது. அதைச் சிவப்பு மையில் போட்டுக் கொடுத்துவிட்டு, அடுத்த பத்தியைப் படித்தோம்.